பித்தளைச் செம்பில் அள்ளிய கடல்

பூங்காவனத்தைப் பற்றித் தீவின் காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும், "அந்தக் கடல் பைத்தியமா?" என்றுதான் கேட்பார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சென்னை வரைக்கும் கப்பலேறிப் போய் விலங்கியல் படித்துவிட்டு வந்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, ஒருத்தனைக் கட்டிக்கொண்டு, அக்கடா என்று இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு நாற்பத்துநாலு வயதில் ஒற்றைக் கட்டையாக, கடல் ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டிய ஒரே ஓர் அரசாங்க அறையில் உட்கார்ந்து, கடல் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சூடாக இருந்தால் என்ன, ஆறிப் போனால் என்ன, அதில் யாராவது காப்பி போடப் போகிறார்களா? இதைக் கேட்டது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன். அவள் பொறுமையாக விளக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவன் கண் வாசலில் நின்ற காருக்குப் போய்விட்டது. அதோடு அவள் யாரிடமும் விளக்குவதை விட்டாள்.

ஆனால் விளக்க வேண்டிய விஷயம் ஒன்று அவளிடம் நிஜமாகவே இருந்தது. தெற்கே செமின் கிரனியே ஊருக்குக் கீழே, அலை உடைகிற பாறை வரிசைக்கு உள்பக்கம், இடுப்பளவு தண்ணீரில் ஒரு பவளக் காடு. பவளம் என்றால் கல் என்று நினைத்துவிடாதீர்கள், உயிர். கிளை கிளையாக, தவிட்டு நிறத்தில், அடர்ந்து கிடக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடை முடிந்து அவள் போய் முங்கிப் பார்த்தபோது, காடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடுத்த தடவை போனபோது வெளுத்த கிளையெல்லாம் செத்து, பாசி பிடித்து, கிளிமீன்கள் ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்கடியில் அழ முடியாது என்பார்கள். அதெல்லாம் சும்மா, அழலாம்.

காய்ச்சல் கண்டது தண்ணீருக்குத்தான் என்று அவள் நினைத்தாள். உலகமே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிறது, நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எங்கோ சிலர் எழுத ஆரம்பித்திருந்த காலம். அவள் கையில் பத்து வருஷத்துக் கணக்கு இருந்தது. முதல் சில வருஷம் கோடைத் தண்ணீர் ஒரே நிலையில் இருந்தது. அதற்கப்புறம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது. ஏறின பிறகுதான் பவளம் வெளுத்தது. இதைவிட என்ன வேண்டும்? கட்டுரையாக எழுதி, லண்டனில் கூடும் கடல் ஆராய்ச்சியாளர் மாநாட்டுக்கு அனுப்பினாள். வந்து வாசியுங்கள் என்று அழைத்துவிட்டார்கள். அறுபத்தேழாம் வருஷம் ஏப்ரல் மாதம் கப்பல். தன்னைப் போலவே தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர்கள் நிறைந்த ஒரு கூடத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நிற்கப் போகிறாள். அதை நினைத்தே அந்த ஜனவரியில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தப் பத்து வருஷமும் தினம் நண்பகலில் தண்ணீரை அள்ளி அளந்தவர் சின்னன். கடற்கரையில் வீடு, மீன்பிடித் தொழில். கித்தான் வாளியைக் கயிற்றில் கட்டி எறிந்து, அள்ளி, வெப்பமானியை விட்டு எண்ணைச் சொல்ல அவள்தான் பழக்கினாள். ஒரு நாள் தவறமாட்டார். சனிக்கிழமைகளில் அவள் பஸ் பிடித்துப் போனால், அவர் மனைவி பொன்னம்மா தேநீர் கொடுப்பாள், சின்னன் அந்த வாரத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார். தீவில் எல்லாரும் பேசுகிற கிரியோலில்தான் பேச்சு. அவர் அவளை, கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாக அழைக்கிற மாதிரி, மம்ஜெல் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இந்தத் தீவில் அந்தத் தண்ணீரைப் பற்றி அவளோடு பேச அந்த ஒரு மனிதர்தான் இருந்தார்.

கோடையில் மட்டும் அவள் போனதில்லை. இங்கே மார்கழி, தைதான் கோடை, சூறாவளியும் அப்போதுதான். சூறாவளிக் காலத்தில் அந்தப் பக்கத்து வேலைக்கு மேலிடம் அனுமதி தராது. சின்னன் எண்களை எழுதி பஸ்காரரிடம் கொடுத்தனுப்புவார். இந்த வருஷம் லண்டனில் காட்டுவதற்கு, அவர் வாளியோடு நிற்கும் படம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அனுமதியாவது ஒன்றாவது என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தைப்பூசக் காவடிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வழியெல்லாம் கோயில்களில் கொடியேறி, ஊர்களில் மீன் நாற்றம்கூட அடங்கிக் கிடந்தது.

சின்னன் பாறைமேல் நின்றார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் பளபளவென்று ஒரு பித்தளைச் செம்பு. இவள் வந்ததை அவர் பார்க்கவில்லை. செம்பு வெயிலில் கிடந்த சூட்டோடு தண்ணீரில் முங்கி மேலே வந்தது. அதைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கிழக்குப் பார்த்துக் கைகூப்பி நின்றார். உதடு அசைந்தது. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து, பயபக்தியோடு வெப்பமானியைச் செம்புக்குள் விட்டார்.

பூங்காவனம் காமிராவை இறக்கினாள்.

"வாளி எங்கே அண்ணே?"

சின்னன் திரும்பிச் சிரித்தார். "வாங்க மம்ஜெல், இந்த வெயில்ல எங்கே கிளம்பி வந்தீங்க? வாளி வீட்ல இருக்கு. அதுக்கு அடியிலயும் பிடியிலயும் தோல் வச்சுத் தச்சிருக்கில்ல? நோன்பு நாள்ல தோலைத் தொடக்கூடாது. அதான் செம்பு."

"எத்தனை நாள் நோன்பு?"

"மத்தவங்களுக்குப் பத்து நாள். எனக்கு மார்கழி பிறந்ததுலேர்ந்து காவடி இறக்குற வரைக்கும். பொன்னம்மா வயித்துல கட்டி வந்து பிழைக்கமாட்டான்னு டாக்டர் சொன்னப்போ வேண்டிக்கிட்டது. பிழைச்சாளே. அந்த வருஷத்துலேர்ந்து விடாம இருக்கேன்."

எந்த வருஷம் என்று அவள் கேட்டாள். கேட்பதற்கு முன்பே பதில் தெரியும். தண்ணீர் ஏறின வருஷம்.

ஓடிப்போய் வாளியை எடுத்து வந்தாள். வெப்பமானியை நேராகக் கடலிலேயே பிடித்துப் பார்த்தாள். வாளியில் அள்ளி உடனே பார்த்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். செம்பில் அள்ளி, சின்னன் கும்பிட்ட அளவு நேரம் வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் அப்படியே. இத்தனை வருஷமாகச் சேர்த்து லண்டன் வரைக்கும் தூக்கிப் போக இருந்த காய்ச்சல் கடலுக்கு இல்லை, செம்புக்கு.

அவள் ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பவளம் செத்தது நிஜம், அதைக் கண்ணால் பார்த்தாள். சூட்டால்தான் செத்தது என்று இப்போதும் நம்பினாள். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு கூடத்தில் நிற்க முடியுமா? நம்பிக்கைக்குத்தான் கோயில் இருக்கிறதே.

விஷயம் புரிய சின்னனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் வந்து குந்தினார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மம்ஜெல். சுத்தமான பாத்திரம்தானேன்னு நினைச்சேன்."

"நான் வாளியைக் கொடுத்தேன், தோல் இருக்குன்னு எனக்கே உறைக்கலை. நானும் இதே ஜாதி, இதே சாமிதான். விடுங்க அண்ணே."

சின்னன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். யாராவது வந்து கேட்டா, வாளியிலதான் அள்ளினேன்னு சொல்றேன். நோன்பு நாள்ல பொய் சொன்னா பாவம்தான், அதை நான் பார்த்துக்கறேன். நீங்க கப்பலேறிப் போய்ட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் பூங்காவனத்துக்காக யாரும் எதையும் இழக்க முன்வந்ததில்லை. கூடப் பிறந்த அண்ணன் ஒரு பிற்பகலை இழக்கமாட்டான். இந்த மனிதர், மனைவியின் உயிருக்காக வைத்த நோன்பை அவளுக்காகக் கெடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். சரி என்று சொல்லிவிட்டால் ஏப்ரலில் கப்பல், அந்தக் கூடம், அந்த மனிதர்கள். அவள் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் கையை ஒரு தடவை தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்றுதான் சின்னன் நினைத்திருப்பார்.

மறுநாள் காலையில் பிரிவின் தலைவர் லிண்ட்சேயிடம் போய் நின்றாள். நல்ல மனிதர், ஓய்வு பெறுவதற்காகக் காத்திருந்தவர். தேர்தல் வருகிறது, நாடு சுதந்திரம் வாங்கினால் இந்த அறை இருக்குமோ என்னவோ என்ற கவலையில் பாதி ஆளாகிப் போயிருந்தார். அவள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதற்கா இவ்வளவு கலக்கம்? செம்பு எவ்வளவு கூட்டிக் காட்டுகிறதோ அவ்வளவைக் கழித்துவிடுங்கள் மத்மஸேல். மிச்சம் இருப்பதைப் படியுங்கள்."

"கழிக்க முடியாது ஸார். எவ்வளவு நேரம் கும்பிட்டாரோ அவ்வளவுக்குச் சூடு ஏறியிருக்கும். ஒரு நாள் சீக்கிரம் முடித்திருப்பார். மனைவிக்கு மறுபடி வலி வந்த நாளில் வெகுநேரம் நின்றிருப்பார். ஒவ்வொரு நாளும் எத்தனை நேரம் வேண்டிக்கொண்டார் என்று யாரைக் கேட்பேன்?"

லிண்ட்சே பேனாவை எடுத்தார். "லண்டனுக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. அளந்தது யார்?"

எங்கே, எப்போது, எதில், யார். அளவு என்றால் இந்த நாலும் சொல்லியாக வேண்டும் என்றுதான் அவள் படித்திருந்தாள். யோசிக்கவே இல்லை. ஊர் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது. பொல்லாத காரியத்தைச் செய்து முடித்துவிட்டோம், இனி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், சின்னனும் நானும், இன்னொரு பத்து வருஷம். தோலைப் பிரித்துவிட்டுக் கயிறு வைத்துத் தைத்த புது வாளி ஒன்றை அன்று ராத்திரியே உட்கார்ந்து முடித்தாள்.

காவடி முடிந்த வாரம் மழை, பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை. பாதை திறந்த பிறகும் சின்னனிடமிருந்து எண்கள் வரவில்லை. பஸ்காரரை நிறுத்திக் கேட்டாள். "அவரை அளக்குற வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்களே மம்ஜெல், உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

அன்றைக்கே கிளம்பிப் போனாள். புது வாளி மடியில் கிடந்தது. சின்னன் வீட்டு முன்னால் உட்கார்ந்து மூங்கில் மீன்கூடு பின்னிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. பொன்னம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், தேநீர் வரவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணே. சத்தியமா இன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்."

"ஒரு ஆபீஸர் வந்தார். வெப்பமானியை வாங்கிட்டுப் போனார். இந்த ஆள் அளந்ததெல்லாம் தப்புன்னு, கடையில நாலு பேர் இருக்கிறப்பவே சொன்னார்." சின்னன் கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வெள்ளாட்டுக்குக்கூடத் தெரியும்."

"எல்லாம் தப்பில்லை. அந்த ஆறேழு வாரம்தான்..."

"என் நோன்பு வாரம்."

பூங்காவனம் லண்டனைப் பற்றிச் சொன்னாள், கழிக்க முடியாததைப் பற்றிச் சொன்னாள், லிண்ட்சேயிடம் போய் மன்றாடுகிறேன் என்றாள். சொல்லச் சொல்ல, அண்ணனிடம் பேசி நிறுத்தின அந்த வாக்கியங்கள் மாதிரியே தன் குரல் அவளுக்குக் கேட்டது. சின்னன் முழுவதும் கேட்டார். மரியாதையான மனிதர்.

"நீங்க உண்மையைச் சொன்னது சரிதான் மம்ஜெல். அதுக்கு நான் கோபப்படலை," என்றார். "உங்களுக்காக நான் பொய் சொல்றேன்னு சொன்னேன். எனக்காக நீங்க பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேரைக் கேட்டப்போ, ஒரு நிமிஷம், சொல்லலாமான்னு யோசிச்சிருந்தாப் போதும்."

அவள் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை.

தனியாகப் பாறைக்குப் போனாள். வாளியை எறிந்தாள், முதல் தடவை பாதிதான் நிறைந்தது, இரண்டாம் தடவை சரியாக அள்ளினாள். சொந்த வெப்பமானியை விட்டு எண்ணைப் பார்த்து எழுதினாள். முதல் வருஷத்தின் முதல் எண். அதை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. தண்ணீருக்கடியில் செத்த கிளைகள் மங்கலாகத் தெரிந்தன.

அடுத்த சனிக்கிழமையும், அனுமதி கேட்காமலே, போனாள். அதற்கடுத்ததும் போனாள். தீவு முழுக்கத் தேர்தல் கோஷம் போட்ட மாதங்களிலும், சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரம் என்று தெருவெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்தபோதும், வாளியோடு அதே பஸ்ஸில் போய் வந்தாள். மறுபடி மார்கழி பிறந்ததும் சின்னன் மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். எதிரே பார்த்தால் நின்று, சௌக்கியமா மம்ஜெல் என்று கேட்பார். சௌக்கியம் அண்ணே என்பாள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதே இல்லை. அவர் வீட்டைக் கடந்துதான் பாறைக்கு வழி. உள்ளே பொன்னம்மா யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும், கதவு சாத்தியிருக்கும். பூங்காவனம் தட்டாமல் கடலுக்குப் போவாள்.