படித்துக் காட்டக் கேட்டு

தம்பி அறிவுச்செல்வன் சென்னையிலிருந்து வருகிறான் என்றால் தீனதயாளனுக்குக் கால் தரையில் பாவாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வெள்ளிக்கிழமையே கடையில் சொல்லி வைத்துவிட்டார். தம்பி வந்து உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டரும் வாயைத் திறந்து பேசும் என்பது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் தெரிந்த சேதி. தெரியாமல் என்ன செய்யும், ஒவ்வொரு டீக்கும் அதைச் சொன்னவர் அவர்தானே.

அவர் மனைவி ஆண்டாளுக்கு அந்த நம்பிக்கை என்றைக்கோ போய்விட்டது. ஆனாலும் போன் போட்டு வரச்சொன்னது அவளேதான். போதாத காலம், வேறென்ன சொல்வது.

ஆண்டாள் வீட்டிலிருந்தபடியே வக்கீல்களுக்குத் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பவள். டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் அறிவுச்செல்வன் வந்தபோது அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். திருட்டு விண்டோஸில் வேலை செய்வது அசிங்கம் என்றான். லினக்ஸ் போட்டுத் தருகிறேன், இது யார் வீட்டுச் சொத்தும் இல்லை, இது சுதந்திரம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினான். சுதந்திரம் வந்தது, பிரிண்டர் போனது. அவன் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான். பதினோரு நாள் கழித்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கும் தௌசிப் வந்துதான் பிரிண்டரை ஓடவைத்தான். வக்கீல்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிற அந்தப் பழைய தமிழ் ஃபான்ட்டையும் எங்கோ ஒரு மூலையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் நியாயமாகச் சொல்லப்போனால் ஆண்டாளுக்கு லினக்ஸ் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதைக் கொண்டுவந்தவன் மேல்தான்.

போன வியாழக்கிழமை, ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது திரை கறுப்பாக நின்றது. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. ஆண்டாள் நாலு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். உள்ளே பூமாலையின் மனு இருந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர் பூமாலையுடையது. அங்கே நாற்பத்தோரு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்த நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. மேல்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் நடக்காது. வக்கீல் கவியரசன் கொடுத்த நோட்டுகளைப் பார்த்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நாலு பக்கத்து எல்லையும் போட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து ஆண்டாள் அந்த மேல்முறையீட்டு மனுவை அடித்து முடித்திருந்தாள். ஐம்பத்திரண்டு பக்கம். நோட்டுகள் ஊர்க்காரர்களிடமே திரும்பி மலைக்குப் போய்விட்டன. வேறு நகல் கிடையாது. மறுபடி அடிப்பதென்றால் மூன்று வாரமும் மறுபடி வேண்டும்.

ஊருக்காகக் கைநாட்டு வைக்கப் பூமாலை ஞாயிற்றுக்கிழமை மலை பஸ்ஸில் இறங்கி வருவதாக ஏற்பாடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்று கடைசியில் ஒரு வரி வரும். கவியரசன் அந்த வரியைச் சும்மா அடிக்கிற ஆள் இல்லை, நிஜமாகவே முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பார். அதிலும் டைப் அடித்தவர் படிக்கக் கூடாது. அடித்தவர்கள் தாளில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள், மனசில் இருப்பதைத்தான் படிப்பார்கள் என்பது அவர் கட்சி. வழக்கமாகப் படிப்பது தீனதயாளன்.

சனிக்கிழமை காலை அறிவுச்செல்வன் வந்து இறங்கினான். பத்து விதமான குட்டித் திருப்புளி, புது டிஸ்க் ஒன்று, காதை மூடுகிற ஹெட்போன். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா அண்ணி, இன்னும் இந்தப் பழைய வெர்ஷனையேவா ஓட்டிக்கினு இருக்கீங்க?"

"நீ போட்டுக் குடுத்ததுதானப்பா."

"அது நாலு வருஷம் முன்னாடி! யாராவது நாலு வருஷம் வெச்சிருப்பாங்களா?"

அடிக்கடி மாற்ற இதென்ன கூரைக் கீற்றா என்று ஆண்டாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. காரியம் ஆகவேண்டுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி, புதுசா ஒண்ணும் வேணாம்பா. அந்த மனுவ மட்டும் எட்த்துக் குடு. நாப்பத்தோரு குடும்பம். திங்கக்கெழம கடைசி நாளு."

"வெயிட் பண்ணுங்க அண்ணி. அஸ்திவாரமே சரியில்ல. முழுசா எறக்கிட்டுத்தான் ஏத்தணும்."

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ போயி டீ போடு" என்றார் தீனதயாளன்.

ஆண்டாள் டீ போட்டாள். ஒரு டீயா, மதியத்துக்குள் ஆறு டீ. இடையில் ஒரு முறை கேட்டாள், எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாயா என்று. டாக்குமென்ட் ஃபோல்டரை மொத்தமாகப் பென் டிரைவில் எடுத்தாயிற்று, மற்றதெல்லாம் குப்பை என்றான். பழைய டிஸ்க்கையும் சுத்தமாக அழித்து, காலி டிஸ்க்காக மேசைமேல் வைத்துவிட்டான். மூன்று மணிக்கு மெஷின் உயிர்பெற்றது. ஒன்பது வினாடியில் எழுந்தது. தீனதயாளன் கையே தட்டிவிட்டார். ஆண்டாளுக்குக்கூட ஒரு நிமிஷம், சேச்சே, பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

மனுவைத் திறந்தான். முகம் செத்துப்போயிற்று. அடுத்ததைத் திறந்தான், அதற்கடுத்ததைத் திறந்தான்.

"ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிருக்கு அண்ணி."

"அப்டின்னா?"

"கெட்டுப்போச்சு. உள்ள வெறும் குப்பையா இருக்கு."

ஆண்டாள் பதறியடித்துக்கொண்டு எட்டிப்பார்க்கப் போனாள். "கிட்ட வராதீங்க, ஸ்கேன் ஓடுது" என்று மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். எட்டிப்பார்த்தால் கிருமி தொற்றிக்கொள்ளுமோ என்னவோ. அவளும் திரும்பிவிட்டாள். இத்தனை வருஷமாக மூன்று வேளையும் இந்த வீட்டில் அவன் படிப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அவன் சொன்னால் இருக்கும் என்று அவளுக்கும் ஊறிப்போயிருந்தது.

அந்தப் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பியை இங்கிலீஷ் மீடியத்தில் ஹாஸ்டலோடு சேர்த்துப் படிக்கவைத்தவர் தீனதயாளன்தான். தமிழில் மார்க் வராது என்று யாரோ சொல்ல, பிரெஞ்சு எடுக்கவைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினான். கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகிற பஸ்ஸில் பிரெஞ்சில் டிக்கெட் கேட்க யாரும் இல்லாததால் அந்தத் தொண்ணூற்றெட்டு இன்றுவரை வீணாகத்தான் கிடக்கிறது. அண்ணிக்குப் போனில் 'saptingala' என்று அனுப்புவான். அவளும் எழுத்துக் கூட்டி வாசித்து, சாப்பிட்டேன் என்று தமிழில் பதில் போடுவாள். அதற்கு ஒரு கட்டை விரல் படம் வரும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையும் ஸ்கேன் ஓடியது. ஆண்டாள் இட்லியை அப்படியே மூடி வைத்தாள். வக்கீலுக்கு என்ன பதில் சொல்வது, மலையிலிருந்து வருகிற பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தாள். அறிவுச்செல்வன் இதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தான். வக்கீல் எப்போதோ கொடுத்தனுப்பிய பென் டிரைவிலிருந்து வந்த வைரஸ்.

"லினக்ஸ்ல வைரஸே வராதுன்னு சொன்னியே தம்பி?"

"அது வேற, இது வேற அண்ணி."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு மெஷின் பழசு, வெர்ஷன் பழசு, வக்கீலிடம் இருப்பது திருட்டு விண்டோஸ். இவன் மட்டும் புத்தம் புதுசு.

பதினோரு மணிக்குப் பூமாலை வந்தாள். மஞ்சள் பையில் கடுக்காய் கொண்டுவந்திருந்தாள். தீனதயாளன் அவளைப் பார்த்ததும், கறி வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நழுவினார். கெட்ட சேதியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த மனுஷனுக்குக் கறி ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை.

ஆண்டாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றபோது அறிவுச்செல்வனே ஆரம்பித்துவிட்டான். கரப்ஷன், ரெகவரி, டேட்டா லாஸ் என்று கொட்டினான். பூமாலை ஆண்டாள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா சொல்றாரு?"

"மனு... கெட்டுப்போச்சுன்றாரு பூமால."

"அய்யோ. நாளைக்குத்தான கடைசின்னாரு வக்கீலு? ஊரே எதிர்பாத்துக்கினு இருக்குதேக்கா."

அவள் கண் கலங்கியதைப் பார்க்க ஆண்டாளுக்குச் சகிக்கவில்லை.

"மனு காப்பி இருக்கற இந்தப் பென் டிரைவையும் அழிச்சிடறேன் அண்ணி. இல்லன்னா புது டிஸ்க்குக்கும் பரவிடும்" என்றான் அவன், கையை மவுஸில் வைத்தபடி.

"இருப்பா." ஆண்டாள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "அழிக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி பாத்துடறேன். மூணு வாரம் அடிச்சவ நான்."

"பாத்து இன்னா அண்ணி பண்ணப்போறீங்க? மனுஷன் படிக்கற மாதிரியா இருக்குது?"

அவள் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து. முதல் வரியில் இப்படி இருந்தது: fs;sf;Fwpr;rp.

ஆண்டாளின் விரல்கள் மேசை விளிம்பில் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. இன்ஸ்டிடியூட்டில் தகரம் போலச் சத்தம் போடுகிற டைப்ரைட்டரில் யளனக, யளனக என்று வருஷக்கணக்காக அடித்த விரல்கள் அவை. எந்தக் கட்டையில் எந்தத் தமிழ் எழுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். தௌசிப் போட்டுக் கொடுத்த பழைய ஃபான்ட்டும் அதே கட்டை வரிசைதான், f என்ற கட்டையைத் தட்டினால் க.

"கள்ளக்குறிச்சி" என்றாள்.

"இன்னாது?"

"கள்ளக்குறிச்சின்னு எழுதியிருக்குதுப்பா." நாலு பக்கம் தள்ளினாள். fpof;Nf Xil என்று இருந்தது. விரலால் தட்டிக்கொண்டே உரக்கப் படித்தாள். "கிழக்கே ஓடை. மேற்கே வழுக்குப்பாறை. வடக்கே அய்யனார் என்பவரின் அனுபவ நிலம்..."

பூமாலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அக்கா, அது எங்க நெலம்! ஓடைக்கு இந்தாண்ட. அய்யனாரு என் கொழுந்தன்தான்!"

அறிவுச்செல்வன் திரையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. ஆண்டாளுக்கு வந்தது சிரிப்பா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. ரெண்டும்தான்.

"ஏன்டாப்பா, இதுவா கெட்டுப்போன ஃபைலு? ஃபான்ட்டு இல்லாத ஃபைலுப்பா இது! தௌசிப் போட்டுக் குடுத்த ஃபான்ட்டக் குப்பன்னு அழிச்சிட்டு, ரெண்டு நாளா யாருக்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்த? எழுத்து அப்டியேதான் இருக்குது. அதுமேல போட்டிருந்த சட்டைய நீ கயட்டிப் போட்டுட்ட!"

"நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன் அண்ணி" என்றான். கூசாமல் சொன்னான். "இந்த மாதிரி பழைய ஃபான்ட்டே யூஸ் பண்ணக் கூடாது. எல்லா மெஷின்லயும் தெரியற யூனிகோடுக்கு மாறணும்."

"மாறணுந்தான், இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக நாப்பத்தோரு குடும்பத்து நெலத்த ஒரு தட்டுல அழிக்கப் பாத்தியே, அது இன்னா ஞாயம்? நேத்தே என்ன ஒருவாட்டி பாக்க வுட்டிருந்தா ஆவாதா?"

அவன் மேசைமேல் இருந்த திருப்புளிகளை வரிசையாக அடுக்கினான்.

தௌசிப்புக்குப் போன் போட்டாள். "அவ்ளோதானாக்கா? கடையிலதான் இருக்கேன், அனுப்பறேன்" என்றான். ரெண்டு நிமிஷத்தில் ஃபான்ட் வந்தது. அதை உள்ளே போட்டுக் கொடுத்தது அறிவுச்செல்வன்தான், அதையும் மறைப்பானேன். அரை நிமிஷ வேலை. திரையில் தமிழ் எழுந்து நின்றது. ஒரு புள்ளி குறையவில்லை. பிரிண்டரும் இந்த முறை மானத்தைக் காப்பாற்றியது. ஐம்பத்திரண்டு பக்கமும் சூடாக வந்து விழுந்தன. ஆண்டாள் அவற்றைத் தட்டி அடுக்கினாள்.

இனிப் படித்துக் காட்ட வேண்டும். தீனதயாளனுக்குப் போன் போட்டால் கறிக்கடையில் கூட்டம், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். பூமாலை சாயங்கால மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அடித்தவள் படிக்கக் கூடாது. ஆண்டாள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் பூமாலையே வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தத் தம்பி பெரிய படிப்பு படிச்சவராச்சே. அவரே படிக்கட்டுமேக்கா."

"எனக்குக் கால் ஒண்ணு இருக்கு" என்று போனை எடுத்தான் அவன்.

"ஞாயித்துக்கெழமயில இன்னா காலு? உக்காருப்பா" என்று ஆண்டாள் தாள்களை அவன் மடியில் வைத்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான். முதல் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், பிறகு தள்ளிப் பிடித்தான். "கள்... கள்ளக்... குறிச்சி" என்றான். அது தெரிந்த ஊர், பிழைத்தான். "மா... மாவட்... டம். கல்... வரா... வராயன்... மலை வ... வட்..." அங்கே நின்றான். விரலை வைத்துக்கொண்டு திரும்பவும் வந்தான். "நா... நாற்... நாற்பு... நாற்புற எ... எல்..." நெற்றியில் வியர்வை துளிர்த்துவிட்டது. ஆண்டாள் உதவிக்கு வரவில்லை.

பூமாலை தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மறுபடியும் வாடியது. மெல்ல ஆண்டாளின் புடவையை இழுத்தாள்.

"அக்கா, மனு இன்னும் கெட்டுத்தான் இருக்குதா?"

"ஃபைலு நல்லாத்தான் இருக்குது பூமால" என்றாள் ஆண்டாள். "நீ படிப்பா. இன்னும் அம்பத்தோரு பக்கம் இருக்குது."