உறை பிரியாத சிவப்புச் சீட்டுகள்

ஜப்பானின் நகோயாவில் எழும்பிக்கொண்டிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் அலுவலகத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு வாரப் பலகை இருந்தது. ஒவ்வொரு மேஸ்திரியும் எந்த நாளில் எந்த இடத்தில் என்ன வேலை என்று எழுதி மஞ்சள் சீட்டு ஒட்டுவார். சொன்ன நாளில் முடியாது என்றால் சிவப்பு. மூன்று மாதமாகச் சிவப்புக் கட்டின் உறைகூடப் பிரியவில்லை. நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

திங்கட்கிழமை பொறியாளர் ஷிஓரி பலகையை இரண்டு முறை படித்தாள். வியாழன், வடக்கு வாசல்: மேலே சார மேஸ்திரி குராமோச்சியின் ஆட்கள் சாரம் பிரிக்கிறார்கள். அதே நாள், அதே வாசல்: கீழே ஓடு மேஸ்திரி இசோபேயின் ஏழு பேர் தரை ஓடு பதிக்கிறார்கள்.

இருவரையும் தனித்தனியே கேட்டாள். கீழே எதுவும் விழாமல் வலை கட்டிவிடுவதாகக் குராமோச்சி சொன்னார். அவர் குறித்த நாளை மாற்றச் சொல்வது மரியாதையில்லை என்றார் இசோபே. அவளே ஆணையிட்டு மாற்றலாம். ஆனால் அடுத்த வாரமும் இதே கதைதான்.

மேஸ்திரிகளின் வாரக் கூட்டம் தொடங்கியதும் அவள் சிவப்புக் கட்டைப் பிரித்தாள். ஐந்தாம் மாடிக் கைப்பிடி வரைபடம் புதன்கிழமை முடியாது என்று எழுதி, தன் பெயர் போட்டு ஒட்டினாள். காது சுட்டது.

"எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கேம்மா?" என்றார் குராமோச்சி.

"போன வெள்ளிக்கிழமையிலேருந்து."

யாரோ சிரித்தார்கள். இசோபே தொண்டையைச் செருமினார். "ஓடு லாரி வெள்ளிக்கிழமைதான் வருது."

"அப்ப வியாழன் உன் ஆளுங்களுக்கு என்ன வேலை?"

"பெருக்குவாங்க."

"என் சாரத்துக்கு அடியிலயா?"

"வலை கட்டுறேன்னு நீங்கதானே சொன்னீங்க."

குராமோச்சி கையை நீட்டி ஒரு சிவப்புச் சீட்டு கேட்டார். இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள், வியாழன் வலை கட்ட ஆளில்லை என்று எழுதினார்.

வலை வியாழன் இல்லை, வெள்ளி காலை. சாரம் அதற்குப் பிறகு. ஓடு அடுத்த திங்கள் என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். ஷிஓரி புதிய மஞ்சள் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தூறல். மேலே சாரம் பிரிப்பதால் வடக்கு வாசலைச் சுற்றிக் கயிறு. அந்தப் பக்கம் யாரும் போகாதபடி இசோபேயே காவலுக்கு நின்றார். அலுவலகத்துக்கு அதுதான் குறுக்கு வழி. ஷிஓரி கயிற்றில் கை வைத்ததும் அவர் விரலை நீட்டினார்.

"சுத்திப் போம்மா."

குடையில்லாமல் கட்டடத்தை முழுசாகச் சுற்றிப் போனாள். நாள் மாற்றச் சொல்லவே கூசியவர் இன்று அவளையே தடுத்துவிட்டார்; நனைந்தது உறைக்கவேயில்லை.