மூன்றாம் ஞாயிற்றின் பெரட்டு

குகநேசன் என்ற பெயரைக் கேட்டாலே றிச்சர்டுக்கு வயிறு எரியத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மனிதர் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. கெடுதல் செய்தவனை வெறுப்பது சுலபம். நல்லது செய்தவனை வெறுக்கத்தான் நிறையப் பாடுபட வேண்டியிருக்கிறது. றிச்சர்ட் நன்றாகவே பாடுபட்டான்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. ஹட்டன் டவுனில் ஒரு சப்பாத்து, செருப்புக் கடையின் மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான் அவன். பிழைப்பு அது, உயிர் இருந்தது வேறொன்றில். அதற்கு ‘முகடு’ என்று பெயர். பழைய கம்பியூட்டரிலும் ஓடுகிற, திரை முழுக்கத் தமிழாகவே இருக்கிற ஓர் இலவச இயங்குதளம். லினக்ஸை எடுத்து, தமிழ் எழுத்தும் விசைப்பலகையும் சேர்த்து, டிஸ்க்கில் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கொழும்பில் மயூரதன், டொரண்டோவில் லோஜனா என்று ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு மின்னஞ்சல் குழுவில் பேசிக்கொள்வார்கள். தொடங்கியவன் றிச்சர்ட். விசைப்பலகை நிரலை எழுதியவனும் அவனே.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்த றிச்சர்ட் அதைக் கம்பியூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவன் பெரட்டு எடுப்பான். அந்த வாரத்து முகடு எந்தெந்த வகை மெஷினில் ஒழுங்காக எழும்பியது என்று அதற்குப் பொறுப்பானவர்கள் அதற்குள் எழுதிவிட வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு பதில் இல்லாத வகை பட்டியலை விட்டுப் போய்விடும். கூடவே இன்னொரு விதியும் வைத்திருந்தான்: வந்தவரை வரவில்லை என்று ஒருபோதும் போடக்கூடாது.

அந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. அவனுக்கு ஒன்பது வயதில், அம்மா இராசம்மா நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்த ஒரு நாள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெரட்டுப் புத்தகத்தில் அவள் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். ஈரச் சேலையைக்கூட மாற்றாமல், “வந்த ஆள வரலன்னு எழுதுனா அந்தக் கை வெளங்குமா?” என்று அவள் கேட்டதை றிச்சர்ட் மறக்கவே இல்லை. முகட்டின் விதிகளிலேயே அவன் அதிகம் பெருமைப்பட்டது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

குகநேசன் யாழ்ப்பாணத்து ஆசிரியர். மஸ்கெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். அந்தப் பள்ளிக்கு வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று பன்னிரண்டு பழைய கம்பியூட்டர்களை அனுப்பி வைத்திருந்தது. திரையும் பெட்டியும் ஒரே உடம்பாக, நீல நிறத்தில், பார்க்க வெகு அழகாக இருந்தன. ஆனால் தமிழ் தெரியாது. முகட்டைப் போட்டுப் பார்த்தால் எழும்பவும் இல்லை. மற்றக் கம்பியூட்டர்களில் இருப்பது ஒரு வகைச் செயலி என்றால் இவற்றில் இருந்தது பவர்பிசி என்ற வேறொரு வகை. முகட்டை அதற்கென்று தனியாகக் கட்ட வேண்டும். குகநேசன் குழுவுக்கு எழுதிக் கேட்டார். யாரும் கையைத் தூக்காததால் மூன்று வாரம் தானே உட்கார்ந்து எழுப்பிவிட்டார்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் றிச்சர்ட் பொறுத்திருப்பான். மனிதர் இன்னொன்றும் செய்தார். ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளை வேகமாக அடித்தால் நூறு தடவைக்கு ஒரு தடவை கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிய்ந்துபோகும் ஒரு வியாதி முகட்டில் இருந்தது. மூன்று வருடமாக றிச்சர்ட் அதைத் தேடி, கடைசியில் பழைய மெஷின்களின் மெமரிமேல் பழியைப் போட்டிருந்தான். பவர்பிசியில் அதே வியாதி ஒவ்வொரு தடவையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வருவதைப் பிடிப்பது சுலபம். குகநேசன் இரண்டே நாளில் பிடித்தார். தப்பு றிச்சர்டின் சொந்த நிரலில், அவன் மிகவும் கெட்டிக்காரத்தனமாக எழுதியதாக நினைத்திருந்த ஐந்தாவது வரியில் இருந்தது.

குழுவே கொண்டாடியது. “புது வகை மெஷின் வந்ததால்தானே பழைய நோய் தெரிந்தது!” என்று லோஜனா எழுதினாள். றிச்சர்டும் ‘நன்றி’ என்று ஒரு சொல் எழுதினான். அந்த ஒரு சொல்லை எழுத அவனுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

பிறகு பவர்பிசியைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று பேச்சு எழுந்தது. சேர்த்தால் கொழும்பில் இருக்கும் பொது மெஷின் வாராவாரம் அதற்கும் முகட்டைக் கட்டித் தரும். ஜூன் கடைசியில் வரும் புதிய வெளியீட்டில் அதற்கும் ஒரு டிஸ்க் இருக்கும். பள்ளிக்கூட அதிபர் அந்த டிஸ்க்கைத்தான் எதிர்பார்த்திருந்தார். ஒரு வாத்தியார் தன் கையால் செய்ததைத் தானமாக வந்த மெஷினில் நிரந்தரமாகப் போட விடமாட்டேன், ஜூனுக்குள் முறையான டிஸ்க் வராவிட்டால் பன்னிரண்டையும் ஸ்டோருக்குள் ஏற்றிவிட்டு அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

றிச்சர்ட் நீளமாக எழுதினான். யார் சோதிப்பது? பன்னிரண்டு மெஷினுக்காக எல்லாருடைய வெளியீடும் தாமதமாக வேண்டுமா? குகநேசன் ஆசிரியருக்கு நாளைக்கே யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்தால் பிறகு அதற்கு யார் பொறுப்பு? எழுதியது அத்தனையும் நியாயம். எழுதிய காரணம் மட்டும் நியாயமில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஐந்துக்கு நான்கு என்று அவன் தோற்றான். பவர்பிசி பெரட்டில் நிற்கட்டும், மூன்று ஞாயிறு தவறினால் விதிப்படி போகட்டும் என்று மயூரதன் முடித்து வைத்தான்.

மே மாதக் கடைசியில் தங்கச்சி ஜெரோமி வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே மஸ்கெலியாப் பள்ளியில்தான் படிப்பித்தாள். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒரு முறை ஹட்டனுக்கு வருவாள். வந்ததும் பையை வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணே, ஒன்னோட முகடு எங்க ஸ்கூல்ல எழும்பிருச்சி! பிள்ளைங்க கை தட்டுனாங்க.”

“எழுப்புனது நானா?”

“குகநேசன் சேர்தான். எனக்கும் சொல்லிக் குடுக்கிறாங்க. இப்ப நானே டிஸ்க் போட்டு எழுப்புவேன், தெரியுமா?”

“நாலு வருசமா இதே வீட்டுல ஒக்காந்து இதத்தானே செஞ்சேன். ஒரு நாளாவது வந்து பாத்தியா நீ?”

“நீ எங்க கூப்புட்ட? எட்டிப் பாத்தாலே தொடாத, தொடாதன்னு கத்துவ.”

றிச்சர்ட் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். சொந்தத் தங்கச்சியின் வாயிலேயே அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிறு பெரட்டில் பவர்பிசிக்குப் பதில் இல்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மஸ்கெலியாவில் டெலிபோன் லைன் செத்துக் கிடக்கிறது என்பது ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எவனுக்கும் தெரியும். றிச்சர்டுக்கும் தெரியும். விதியில் மழையைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இரண்டு தடவையும் ‘வரவில்லை’ என்று போட்டான்.

மூன்றாம் ஞாயிறு காலை, மேல்மாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குகநேசன் முழங்கால் வரை சேறோடு, குடையை வெளியிலேயே சாத்தி வைத்துவிட்டு வந்து நின்றார்.

“குறை நினைக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமையில வந்து கரைச்சல் தாறன். எங்கட பக்கம் ரெண்டு கிழமையா லைன் இல்லை. போன ஞாயிறு வெளிக்கிட்டனான், றோட்டில மண் சரிஞ்சு பஸ் திரும்பிட்டுது.”

“அப்படியா?” என்றான் றிச்சர்ட், தெரியாதவன் போல.

“இண்டைக்கு மூண்டாவது. நான் இப்ப றெயினில கொழும்புக்குப் போறன், ஒரு கிழமைக் கருத்தரங்கு, அங்க இன்டர்நெட்டுக்கு வழியில்லை.” சட்டைப் பைக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். “அறிக்கை இதில கிடக்கு. ஆறு மணிக்கு முதல் குழுவில போட்டுவிட்டியள் எண்டால் காணும். உங்களை விட்டால் வேற ஆரிட்டக் குடுக்கிறது?”

“வச்சிட்டுப் போங்க சேர். நான் பாத்துக்கிறேன்.”

அவர் போன பிறகு றிச்சர்ட் பென் டிரைவைத் தொடவே இல்லை. தேத்தண்ணி குடித்தான். வகுப்பு மெஷின்களைத் துடைத்தான். பொறுப்பாளர் தானே எழுத வேண்டும் என்றுதானே விதி, கையில் கொண்டுவந்து கொடுப்பது எழுதியதாகுமா என்று தனக்குத்தானே வழக்காடி, தனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். சரியாக ஆறு மணிக்கு எழுதினான்: ‘பவர்பிசி: வரவில்லை. மூன்றாம் ஞாயிறு.’ எழுதும்போது இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

திங்கட்கிழமை மயூரதன் பொது மெஷினில் இருந்து பவர்பிசியை எடுத்துவிட்டான். புதன்கிழமை வெளியீட்டை மூடி டிஸ்க் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வெளியீடு இனி டிசம்பரில்தான்.

சனிக்கிழமை ஜெரோமி நனைந்துகொண்டு மேல்மாடிக்கு வந்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

“அண்ணே, பெரட்டுல எம் பேரு வந்துச்சா? லைன் இல்லாம ஒன்னுமே பாக்க முடியல.”

“ஒம் பேரா? ஒம் பேரு எப்படி வரும்?”

அவள் மேசையைப் பார்த்தாள். பொலித்தீன் சுற்றுப் பிரிக்கப்படாமல் பென் டிரைவ் வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்து, பிரித்து, கம்பியூட்டரில் செருகினாள். தொடாதே என்று சொல்ல றிச்சர்டுக்கு வாய் வரவில்லை. உள்ளே ஒரே ஒரு கோப்பு. அவள் எழும்பி நின்று, அவனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாள்.

‘வகை: பவர்பிசி. பன்னிரண்டு மெஷினும் எழும்பின. சோதித்தவர்: ஜெரோமி, மஸ்கெலியா. இனி இந்த வகைக்குப் பொறுப்பாளரும் நானே. குகநேசன் ஆசிரியருக்கு மாற்றம் வந்தாலும் நான் இங்கேதான் இருப்பேன். அண்ணன் குழுவில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.’

றிச்சர்ட் அதை இரண்டு முறை வாசித்தான். மண் சரிந்த ரோட்டைத் தாண்டி வந்த ஆளை மட்டுமல்ல, அந்த மழைக்குள்ளும் பன்னிரண்டு மெஷினையும் எழுப்பிய தன் வீட்டுப் பெண்ணையே வரவில்லை என்று எழுதியிருக்கிறான். இராசம்மாவின் பெயரை விட்ட கணக்கப்பிள்ளைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தான். அந்த ஆளுக்குச் சம்பளமாவது இருந்தது.

“மறந்துட்டியாண்ணே?” என்று ஜெரோமி மெதுவாகக் கேட்டாள்.

தப்பிக்க அவளே ஒரு வழி திறந்து விட்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“மறக்கல,” என்றான். “பொறாம.”

அவள் பென் டிரைவைக் கழற்றி மறுபடி பொலித்தீனில் சுற்றினாள்.

“அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். குழுவுல நீயே சொல்லு.”

சொன்னான். மூன்றாம் ஞாயிறு பவர்பிசி வந்திருந்தது, வந்ததை வரவில்லை என்று போட்டவன் நான், இனிப் பெரட்டு எடுக்க எனக்குத் தகுதியில்லை என்று மூன்றே வரி. டிஸ்க்குகள் அதற்குள் அடித்து முடிந்திருந்தன. அதிபர் சொன்ன சொல் தவறவில்லை. பதினொரு நீல மெஷின்கள் ஸ்டோருக்குப் போயின. ஜெரோமி கெஞ்சிக் கூத்தாடியதில் ஒன்று மட்டும் ஆசிரியர் அறை மூலையில் தங்கியது. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வாய்க்கவில்லை.

குகநேசன் ஒரு சுடுசொல் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் அந்த டெலிபோன் லைன்தான் காரணம், இனிப் பெரட்டை ஜெரோமி எடுக்கட்டும் என்று மட்டும் எழுதினார். அந்தப் பெருந்தன்மை றிச்சர்டைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பொறாமை அதோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போது அதோடு வெட்கமும் சேர்ந்து எரிந்தது, அவ்வளவுதான்.

ஜெரோமி எடுத்த முதல் பெரட்டு ஜூலை முதல் வாரத்தில், மஸ்கெலியாவில் லைன் திரும்பி வந்த பிறகு. இந்தத் தடவை ஹட்டனில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. றிச்சர்ட் மூன்று மணிக்கே தன் மெஷினைச் சோதித்துப் பதிலை எழுதி வைத்துவிட்டான். அனுப்பத்தான் முடியவில்லை. மோடம் கீச்சிட்டது, பிடித்தது, அறுந்தது. ஐந்தரைக்கு அறுந்தது. ஐந்தே முக்காலுக்கு அறுந்தது. ஆறு மணி அடித்தபோது அவன் டெலிபோன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெரோமி அவனுடைய தங்கச்சி, விதியும் அவனுடையதுதான். அவள் என்ன போடுவாள் என்று அவனுக்கே தெரியும்.

ஆறு இருபதுக்கு லைன் பிடித்தது. பதில் போனது. பத்து நிமிடம் கழித்து மஸ்கெலியாவில் இருந்து பெரட்டு வந்தது. உடனே திறந்தான்.

‘பவர்பிசி: ஒரு மெஷின், வந்தது. சாதாரணக் கம்பியூட்டர்: றிச்சர்ட், ஹட்டன், வந்தார். ஹட்டனில் மழை என்று கேள்விப்பட்டதால் இன்று ஆறரை வரை பெரட்டை மூடவில்லை.’