டீச்சர் தூங்கிய பேருந்து

கோடை விடுமுறையில் பெரும்பகுதியை விடைத்தாள் திருத்தும் முகாமே விழுங்கிவிட்டது. மிச்சமிருந்த நாலு நாளில் தோழிகள் இருவரோடு ஊர் சுற்றக் கிளம்பிய டீச்சர், பயணத்துக்கும் பீரியடு வாரியாக அட்டவணை போட்டிருந்தாள். முதல் பீரியடு அருவி.

பேருந்து கிளம்பியதுமே பக்கத்திலிருந்த நர்ஸ் தோழியின் தோளில் டீச்சர் சாய்ந்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது கடைசி நிறுத்தம் வந்திருந்தது.

"அருவி?"

"அது போயி ஒரு மணி நேரமாச்சு," என்றாள் முன் இருக்கையிலிருந்த தையல்காரத் தோழி.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுப்பித் தொலைக்க வேண்டியதுதானேடி!"

"எப்படி எழுப்புறது?" நர்ஸ் மரத்துப்போன கையை உதறினாள். "தூக்கத்துலயும் என் கையில விரலால டிக் அடிச்சுக்கிட்டே வந்தே. நூறு டிக்காவது இருக்கும்."

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. "தப்பு ஏதாவது போட்டேனா?"

"ஒண்ணுகூட இல்ல. இவ்வளவு தாராளமா நீ திருத்தி நான் பாத்ததே இல்லடி."

டீச்சர் அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

அதே பேருந்தில் திரும்பும்போது நர்ஸ் அவள் தோளில் கண்ணயர்ந்தாள். "அருவி இறங்கு!" என்று நடத்துநர் கூவினார். டீச்சர் உதட்டில் விரலை வைத்து, வகுப்பில் சத்தம் போட்டவனைப் பார்ப்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.