நான் பிறக்குமுன் பெய்த மழை

நான் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழையில் ஒரு தடவை தொப்பலாக நனைந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம். சாட்சி இருக்கிறது. அதுவும் என் மச்சினன். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைச் சந்தேகப்படுகிறவன்.

அவன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி வைத்திருந்தான். நான் நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருந்தேன். ஓட்டை போடுகிறவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவனுக்கும் எப்படி ஒத்துப்போகும்? புதிதாக வாங்கிய நிலத்தில் எலுமிச்சைத் தோட்டம் போட வேண்டும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. கன்றுகள் பையும் மண்ணுமாக வாசல், மாடிப்படி, குளியலறை வரை நின்றன. குளிக்கப் போனவர்கள் முள் குத்தி அலறிக்கொண்டு வந்தார்கள்.

நான்கு இரும்புக் கம்பிகளை அந்த நிலத்தில் அடித்து, மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தேன்.

"என்ன அத்தான், மண்ணுக்கு ஈசிஜியா?"

"ஆமாடா. முழங்கால் ஆழத்துல களிமண்ணு மூடி போட்ட மாதிரி கெடக்கு. ரொம்பக் கீழே தண்ணி இருக்கு. ஆனா மேலே பெய்யுற மழை அங்க போய்ச் சேராது."

அன்றே துளை போட்டான். தண்ணீர் பீறிட்ட வேகத்தில் மேகத்தில் இரண்டு பொத்தல் விழுந்தது. அவனும் நானும் நனைந்தோம். பக்கத்து ஊரில் குடை விரித்தார்கள். ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.

முடிவு வந்த தாளை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தேன்; என் மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த நாளிலிருந்து மழையில் டிரிட்டியம் என்றொரு சுவடு கூடிப்போனது. இந்தத் தண்ணீரில் அது துளியும் இல்லை. குண்டுகளுக்கு முன்பே பெய்து இறங்கியது. நான் பிறந்ததோ அதற்குப் பின்னால். யாரோ கொடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடிய மழை அது. அன்று முதல் வெயிலே பார்க்காமல் இருட்டில் கிடந்து, கடைசியில் என் சட்டைக்குள் வந்து இறங்கியிருக்கிறது.

"இத இறைச்சா மறுபடி ஊறாதுடா. கன்னு காய்க்கிற நேரத்துல துளை வத்திரும்."

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும் அத்தான். பெய்யுற மழை உள்ள போகாம எங்க போகும்?"

பார்த்துவிடுவோம் என்று துளைக்குப் பக்கத்திலும், நிலத்தின் ஓரத்துச் சரளைச் சரிவிலும் நீலச் சாயம் தெளித்தேன். சாயம் எதுவரை இறங்குகிறதோ அதுவரை மழை இறங்கியதாக அர்த்தம். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு இடத்திலும் குழி வெட்டினோம்.

சரிவில் நீலம் கல்லுக்குக் கல் இடுக்கு தேடி, வேர் விட்டது போல, ஆள் உயரத்தையும் தாண்டிப் போயிருந்தது. மழை நடந்துபோன பாதையை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். தொடக்கூடக் கை வரவில்லை.

துளைக்குப் பக்கத்தில் அதே நீலம் முழங்கால் ஆழத்தில், கோடு போட்டு நிறுத்தியது போல நின்றிருந்தது. மச்சினன் குழிக்குள் குந்தி, களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அப்போது அவன் நாய் எட்டிப் பார்த்தது. நான்கு காலும் நீலம்.

"இது எப்படா சாயப்பட்டறையில வேலைக்குச் சேந்துச்சு?"

அவன் தலை நிமிரவில்லை. "நீங்க தோத்துடணும்னு இந்த எடத்துல மட்டும் ரெண்டு டேங்கர் தண்ணி ஊத்தினேன் அத்தான். சாயத்தக் கீழ தள்ளிரும்னு நெனச்சேன். பக்கவாட்டுல ஓடி நாய்க் கொட்டகைக்குப் போயிருச்சு."

ரெண்டு டேங்கருக்கும் வழிவிடாத களிமண். அவன் மெல்ல எழுந்து, அதை மிதிக்காமல் மேலே ஏறினான்.

துளையை அவனே மூடினான். சரிவில் ஆழமில்லாத கிணறு ஒன்று வெட்டி, கன்றுகளை அதைச் சுற்றி நட்டான். ஒவ்வொரு மழைக்கும் அது ஊறுகிறது.

போன வாரம் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது நான் பிறக்குமுன் பெய்த மழையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"தொடங்கிட்டாரு," என்றாள் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சினன் தன் தோட்டத்து எலுமிச்சையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"சிரிக்காதீங்க," என்றான். "அன்னிக்கு நானும்தான் நனைஞ்சேன்."