ஆறு மாத அடைப்பு

பாண்டீஸ்வரியைத் தூக்குவதற்கு முதலில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது. பின்னால் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளும் கனமான நாற்காலி. இங்கே, இல்லை இன்னும் அங்கே என்று அவளே நின்று சொல்லி டிவிக்கு நேர் எதிரே போட வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்து இழுத்தபோது தரைவிரிப்பும் சேர்ந்து சுருண்டு வந்தது.

"பாத்து, பாத்து. செவுத்துல இடிச்சிறாம" என்றார் சோலைராஜின் அண்ணன் காளிராஜ்.

சோலைராஜ் மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அண்ணன் நாற்காலியைச் சொல்கிறாரா, அவளைச் சொல்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை.

கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அண்ணன் மனைவி நாச்சியார் மதினி தாடையைச் சேர்த்துக் கட்டினாள். கோயம்புத்தூரிலிருந்து மகன் கௌதம்ராஜ் கிளம்பிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். சோலைராஜ் தலையசைத்தார்.

காலையில் சோலைராஜ் காப்பியோடு டிவி இருந்த பின்னறைக்குள் போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. தம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அவரும் பார்த்தார். ஒரு கல்யாண வீடு. சமையல்காரரும் மாப்பிள்ளையின் மாமாவும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சிரிப்பான இடம். அவளும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கம். அதனால்தான் அவ்வளவு நேரம் தெரியவில்லை.

இரண்டு பேரும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். அவள் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில், அவர் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். அந்த இரைச்சலில் வாயசைவும் கைச்சாடையும்தான் பேச்சு. அப்படித்தான் அவர்கள் பழகினார்கள், அப்படித்தான் கல்யாணமும் பேசி முடித்துக்கொண்டார்கள். மில்லை விட்டு நின்றபோது அவள் காதில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. காதுக்கு மெஷின் வாங்கலாம் என்றதற்கு, "இத்தன வருசம் மெஷின்கிட்ட கெடந்தது போதாதா, அதக் காதுக்குள்ள வேற வைக்கணுமாக்கும்" என்றாள்.

அப்போது அவர்கள் வீட்டில் நல்ல டிவி கிடையாது. சாயங்காலம் அடுத்த தெருவில் காளிராஜ் வீட்டுக்குப் போவாள். ஒரு நாள் அங்கிருந்த பிள்ளைகள் விளையாட்டுக்குச் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பு வரும் இடத்தில் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவர்கள் சிரித்தார்கள். காளிராஜும் சிரித்தார். திரும்பி அவர்கள் முகங்களைப் பார்த்தவள் எழுந்து போய் டிவி மேசையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேசை அதிரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சோலைராஜ் கேட்டுக்கொண்டார். அண்ணனிடம் எதுவும் பேசவில்லை.

அந்த வாரமே, "நமக்குன்னு ஒண்ணு வாங்கணும். பெருசா. சத்தத்தோட" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பையன் ஒவ்வொரு டிவியாகப் பெருமை சொல்லிக்கொண்டு போனான். அவள் அவன் வாயையும் பார்த்தாள், திரையில் இருந்தவர்கள் வாயையும் பார்த்தாள்.

"இதுல தல திரும்பையில வாயி கலங்குது. அந்தக் கடைசில உள்ளத போடுங்க."

போட்டான்.

"இவன் வாயி வேற என்னமோ சொல்லுது. இது ரிப்பேரு."

"இல்லம்மா, இது டப்பிங் படம்."

"அப்ப நேராப் பேசுறவனப் போடுங்க. பொய் சொல்லுறவன எதுக்குப் போடுதிய?"

சோலைராஜ் அன்றைக்குக் கடை நடுவில் வாய்விட்டுச் சிரித்தார். தரையை அதிரவைக்கும் சப் ஊஃபரைப் போடச் சொல்லி, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் வெறுங்காலில் நின்றாள். இன்னும் வை, இன்னும் வை என்று கையைக் காட்டினாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பி முறைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

வீட்டின் பின்னறையைக் காலி செய்து, சுவருக்குச் சத்தம் தடுக்கும் அட்டை அடித்து, தடிமனான புதுக் கதவு போட்டார்கள். வேலை முடிந்த அன்று காளிராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"செவிடிக்கு எதுக்குலே சினிமாக் கொட்டாயி?" என்று தம்பியிடம் கேட்டார்.

வாயைப் படித்துவிட்ட பாண்டீஸ்வரிதான் பதில் சொன்னாள். "வாங்க மச்சான். டிக்கெட்டு கெடையாது."

அவர் வரவில்லை.

மதியம் கௌதம்ராஜ் வந்து சேர்ந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி முடித்தாயிற்று. கொட்டுக்காரர்கள் வாசலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்போது காளிராஜ் ஒரு புதுப் பூட்டோடு வந்தார்.

"ஜோசியர்ட்ட கேட்டுட்டேன். செத்தது சதய நட்சத்திரமாம். ஆறு மாசம் அடைப்பு. உசுரு போன ரூம அடைச்சிட்டுத்தான் எடுக்கணும். வெளக்க வெளிய வாசப்படில வச்சிக்கிடுவோம்."

சோலைராஜ் அந்தப் பூட்டையே பார்த்தார்.

"அப்பா, ஆறு மாசந்தான? பொறவு தெறந்துக்கிடலாம்" என்றான் கௌதம்ராஜ்.

"வேண்டாம்" என்றார் சோலைராஜ்.

"என்னலே வேண்டாம்?"

"பூட்ட வேண்டாம்ணே."

காளிராஜ் தம்பியின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"அய்யா செத்தப்ப நீ சின்னப் பய. அன்னைக்கும் அடைப்புன்னு ஜோசியரு சொல்லத்தான் செஞ்சாரு. நாமதான் கேக்கல. வருசம் திரும்பல, அம்மையும் போயிட்டா. சொன்னா கேளு. அடைக்காம விட்டா கூட ஒரு ஆளக் கூப்பிட்டுக்கிடும்."

"கூப்பிட்டா போறேன்."

"ஏலே."

"அவ கூப்பிட்டா நான் போறேன்ணே. ஒங்கள யாரும் கூப்பிடல."

தம்பி இப்படிப் பேசி காளிராஜ் கேட்டதில்லை. சோலைராஜே கேட்டதில்லை. அண்ணன் நிமிர்ந்து நேராகப் பின்னறைக்குப் போனார். கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் புதுசு, எளிதில் நகராது. அதோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது சோலைராஜ் மாடிப்படிக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியை எடுத்து வந்தார்.

"தள்ளிக்கோங்க."

கதவைத் திறந்து, கீழ்க் கீலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். திருப்புளியை வைத்து முதல் ஸ்க்ரூவைச் சுற்றினார். அவசரப்படவில்லை. கழற்றியதை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே கொட்டு ஆரம்பித்து, யாரோ கையமர்த்தியதும் நின்றது. ஒரு பிணத்தை எடுக்காமல் ஊர் காத்திருந்தது.

"பொண்டாட்டி செத்ததுல மூளை கலங்கிருச்சு" என்றார் காளிராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி.

சோலைராஜ் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "அவள எத்தன கதவுக்கு வெளியத்தான் நிப்பாட்டுவிய? இது அவ வீடு. அவ இருந்த எடத்துக்குப் பூட்டுப் போட ஒங்களுக்கு உரிம கெடையாது. எனக்கும் கெடையாது."

மேல்கீலின் கடைசி ஸ்க்ரூ வந்ததும் கதவு ஒருபக்கமாகச் சரிந்தது. அதன் கனத்தை அவரால் ஒருவராகத் தாங்க முடியவில்லை. தோளில் வாங்கிக்கொண்டு நின்றார். கௌதம்ராஜ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்தான்.

"அந்தப் பக்கம் நான் பிடிக்கேன்ப்பா."

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக, கிடத்தியிருந்தவளைச் சுற்றிக்கொண்டு, வெளியே வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். காம்பவுண்ட் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கைத் தூசியைத் தட்டிவிட்டு சோலைராஜ் உள்ளே பார்த்துச் சொன்னார்:

"எடுங்க."

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, ஈரவேட்டியோடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காளிராஜ் உள்ளே வரவில்லை. தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பூட்டு இன்னும் அவர் மடியில் இருந்தது.

கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பெண்கள் பின்னறைக்குள் போயிருந்தார்கள். நாற்காலிகளில் ஒருவரும் உட்காரவில்லை. தரைவிரிப்பில் கால்நீட்டி, சுவர் அட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உயிர் போன இடத்தில் யாரோ விளக்கேற்றி வைத்திருந்தார்கள். நாச்சியார் மதினி அதன் பக்கத்தில் இருந்தாள்.

தெருவிலிருந்து காளிராஜின் குரல் வந்தது. கதவில்லாததால் தெளிவாகவே வந்தது.

"ஏட்டி நாச்சியா. எந்திரிச்சு வா, போவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

பிறகு சோலைராஜுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். அவர் உட்கார்ந்தார். எதிரே அணைந்துகிடந்த பெரிய திரையில் விளக்கும், அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் தெரிந்தார்கள். நாச்சியார் அதில் தன்னைப் பார்த்து, விலகியிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.