அரைஞாண் வெள்ளி

ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு வந்த அருள்ஜோதி, வீட்டிலேயே வெள்ளிப் பட்டறை போடப்போவதாகச் சொன்னபோது, அவள் அம்மா பிலோமினம்மாள் அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்த கடுகைக் கருகவிட்டாள். மகள் ஏசி ஆபீசில் உட்கார்ந்து டைப் அடிப்பாள் என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தவள், பாவம்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. ஓடலேன்னா அந்த ரூமை வாடகைக்கு விட்டுருவேன். நீ ஃபேக்டரிக்குப் போற. அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் அவர்கள் புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் தாயும் மகளும் படுத்துக்கொண்டார்கள். அப்பா இறந்து வெகுகாலம். மற்ற அறை முழுவதும் தனக்கே என்று நினைக்கும்போதெல்லாம் அருள்ஜோதிக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டுகூட இருந்ததில்லை.

தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வெட்டும் ஜமால் முகம்மது கழித்துப்போட்ட வெட்டுக்கட்டையை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டிரைவர் வழிநெடுக மூக்கைச் சுளித்துக்கொண்டே ஓட்டினார். கட்டையைச் சுரண்டிக் கழுவி, அதன் மேல் பட்டறைக்கல்லை இறுக்கினாள். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்க அடியில் அரிசிச் சாக்குகளை மடித்துப் போட்டாள். ஜன்னலோரம் மேசை, அரங்கள், குறடுகள், ஒரு காஸ் சிலிண்டர். கதவுக்குப் பூட்டும் வாங்கினாள்.

முதல் ஆர்டர், கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் அந்தோனியம்மாள் டீச்சருடையது. கல்யாண வெள்ளி விழாவுக்கு ஒரு கெட்டி வளையல். டீச்சருக்குப் பிடித்துவிட்டால் போதும், கோயில் பங்கு முழுக்கப் பேச்சுப் பரவிவிடும். பிடிக்காவிட்டாலும் அப்படித்தான்.

வெள்ளி வாங்கச் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தைக்குப் போனாள். தரையில் துணி விரித்திருந்த காதர் மைதீனிடம் உடைந்த கரண்டிகளோடு கறுத்துப்போன ஒரு குழந்தை அரைஞாண்கொடி கிடந்தது. கொக்கி உடைந்து, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எங்க கிடைச்சுது, பாய்?"

"மண்ணுல லா. கட்டடம் கட்டத் தோண்டுறவன் கொண்டாந்து குடுத்தான்."

அதற்கு மேல் கேட்டிருக்கலாம். கேட்டால் வாங்க மனம் வராது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, செம்புக் கம்பியைக் கழற்றி ஜன்னலோரத்துப் பால் டின்னில் போட்டாள். மிச்சத்தை மூசையில் இட்டு உருக்கினாள்.

டீச்சரின் கையை நூலால் அளந்து எடுத்த அளவுக்கே வளையலை வளைத்துப் பற்றவைத்தாள். தன் கையில் போட்டுப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி போட்டபோது விரல் முட்டிகளில் மாட்டிக்கொண்டது. தன்னையே திட்டிக்கொண்டு தட்டிப் பெரிதாக்கினாள். மறுநாள் காலை அது இன்னும் சிறுத்திருந்தது. அடிக்க அடிக்க மெலிய வேண்டிய வெள்ளி தடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவோடு பூசைக்குப் போனாள். திரும்பி வந்து திறந்தபோது, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகைபோட்ட சாம்பிராணி வாசனை. வளையலுக்குள் அவளுடைய இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. பிள்ளை இல்லாத வீடு அது. அவளுக்கு நன்றாகவே பயம் வந்துவிட்டது.

"அம்மா! இங்க வாயேன்!"

உள்ளே வந்த பிலோமினம்மாள் வளையலைப் பார்க்கவில்லை. பால் டின்னுக்குள் பார்த்தாள். கம்பியை எடுத்து, உள்பக்கமாக மடக்கியிருந்த அதன் முனையை விரலால் தடவினாள்.

"உங்கப்பா மடக்குனது. பிள்ளை வயித்துல குத்தக் கூடாதுன்னு."

அருள்ஜோதிக்கு ஆம்ப்ரோஸ் என்று ஓர் அண்ணன் பிறந்து, ஒரு வயது நிறையுமுன் காய்ச்சலில் போய்விட்டது தெரியும். வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

"கடைசியாக் குளிப்பாட்டுன பொம்பளைங்க அர்ணாக்கொடியைக் கழட்டணும்னாங்க, அதுதான் வழக்கம்னு. கழட்டுனா என் பிள்ளை அம்மணமாப் போவான்னு நான் விடல. பின்னால அவனைப் புதைச்ச கல்லறைத் தோட்டத்தையே எடுத்துட்டாங்க. நாங்க போறப்போ வெறும் மண்ணுதான் இருந்துச்சு." அம்மா வளையலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உருக்கிட்டியேடி. அவனோடதை அவனுக்கே செஞ்சு குடு."

செய்தாள். கம்பியாக இழுத்தாள், கண்ணிகளாகக் கோத்தாள். வெள்ளி முதன்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்பாவின் செம்புக் கம்பியாலேயே முடிந்து, ஹாலில் இருந்த இருதய ஆண்டவர் படத்தடியில் மாட்டினாள். சிராங்கூன் சாலையில் புது வெள்ளி வாங்கி டீச்சருக்கு வேறு வளையல் செய்தாள். டீச்சர் கையை ஆட்டி ஆட்டிப் பாட்டு நடத்தினார். ஆர்டர்கள் வந்தன. கிறிஸ்துமஸ் வந்துபோனது. அறை நிலைத்துவிட்டது என்று அருள்ஜோதி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஈஸ்டருக்குப் படத்தைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். அரைஞாண் நீண்டிருந்தது. இழுபட்டு நீளவில்லை. அவள் கோக்காத கண்ணிகள் அதில் இருந்தன. அம்மாவிடம் சொன்னாள். அம்மா திடுக்கிடவில்லை. சந்தோஷத்தில் முகம் பூரித்துப்போய், அன்றே தேக்காவுக்குப் போய் ஒரு சின்ன அரைக்கால் சட்டை வாங்கி வந்தாள்.

கொடி அடுத்த முறை நீண்டபோது பள்ளிக்கூடப் பையன் அளவுக்குச் சட்டை வந்தது. மேசையில் மூன்றாவது தட்டு வைக்கப்பட்டது. அருள்ஜோதி தன் தட்டை அதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அம்மா இவ்வளவு சிரித்து அவள் பார்த்ததேயில்லை, தனக்காக ஒருநாளும் சிரித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரு மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, குழம்பைக் கிண்டிக்கொண்டே அம்மா சொன்னாள்.

"ரூமைக் காலி பண்ணும்மா. அண்ணன் வளர்றான்ல. எத்தனை நாளைக்கு ஹால்லயே கிடப்பான்?"

"அம்மா, அது என் ரூம். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்மா."

பட்டறை பூட்டியிருந்தது. சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. உள்ளே பட்டறைக்கல்லின் மேல் சுத்தியல் விழுந்தது. தூக்கத் தெரியாத கை தூக்கிப் போட்டது மாதிரி, கோணலாக ஓர் அடி. பிறகு இன்னொன்று. அடியில் சாக்குகள் போட்டிருந்தும் சத்தம் தெளிவாகவே கேட்டது.

பிலோமினம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அந்தக் கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

"மெதுவாடா. விரல்ல போட்டுக்கப் போற," என்றாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள். "சாவியைக் குடு."